அளவில்லாச் சாப்பாடும் அளவுள்ள அடியானும்



முன்பெல்லாம் வீட்டை விட்டு வெளியே உண்பது பிரயாணிகளுக்கும் வியாபாரத்துக்காக ஊர் ஊராக அலைபவர்களுக்கும் உரிய காரியமாக இருந்தது. இன்று நகரங்களில் குடியிருக்கும் நம் குடும்பங்களில், வேலை முடிந்து வந்த ஒரு வார நாள் இரவில், "இன்றைக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டாம், வெளியே போய்ச் சாப்பிடுவோம்" என்று கிளம்புவது சாதாரணமாகிவிட்டது. அப்படிக் கிளம்புவோரில் பலர் நாடிச் செல்வது பஃபே எனப்படும் அளவில்லாச் சாப்பாடு. தலைக்கு ஒரு கட்டணம். அதைச் செலுத்திவிட்டால் மேசை மீதுள்ள எதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் நாமே எடுத்து உண்ணலாம். சனி, ஞாயிறுகளை விட வார நாட்களில் பல உணவகங்களில் கட்டணம் குறைவு என்பதும் ஒரு காரணம்.

"இது கூடுமா, கூடாதா?" என்று ஆலிம்களிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பது நல்லதே. ஆனால் "கூடும்" என்று ஒரு சொல் கிடைத்தவுடன் நம்மில் பலர் கேள்வியை முடித்துக்கொள்கிறோம். கூடும் என்பது வாசற்கதவு மட்டுமே. கதவைத் தாண்டி உள்ளே போனபின் எப்படி நடந்துகொள்வது என்பதல்லவா மார்க்கம்! இக்கட்டுரையில் இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

பஃபே என்பது பிரெஞ்சு மொழிச் சொல். உணவறையின் ஓரத்தில் பாத்திரங்களையும் பண்டங்களையும் வைக்கும் பக்க மேசைக்கு அப்பெயர். ஸ்வீடன் நாட்டில் விருந்தினர் பலவகைப் பண்டங்களை ஒரே மேசையில் வைத்து அவரவரே எடுத்துண்ணும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1939-ல் நியூயார்க் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அந்த ஸ்வீடிஷ் மேசை பெரும் புகழ் பெற்றது. ஜப்பானில் 1958-ல் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் இம்முறையைத் தொடங்கி அதற்கு 'வைக்கிங்' என்று பெயர் சூட்டியது. இன்றும் ஜப்பானியர் இவ்வகைச் சாப்பாட்டை அப்பெயராலேயே அழைக்கின்றனர். சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று நம்மவர் வாழும் நகரங்களிலெல்லாம் இன்று இம்முறை பரவியிருக்கிறது.

வந்த இடம் எதுவாயினும், ஒரு வழக்கம் அயல்நாட்டிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் அது விலக்கப்பட்டதாகிவிடாது. உண்ணும் பொருள் எது, வாங்கும் முறை எது, உண்ணும் ஒழுங்கு எது என்பவையே நாம் பார்க்க வேண்டியவை.

அளவு தெரியாத வியாபாரம் செல்லுமா?

வியாபாரத்தில் 'கரர்' என்பது விலக்கப்பட்டிருக்கிறது. விற்கும் பொருளின் தன்மையோ அளவோ கிடைக்குமா கிடைக்காதா என்பதோ தெரியாமல் இருட்டில் கை நீட்டுவது போன்ற வியாபாரம் அது. அதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. பஃபேயில் ஒருவர் கால் வயிறு உண்கிறார், மற்றவர் மூன்று தட்டு உண்கிறார், இருவரும் கொடுப்பதோ ஒரே தொகை. இது கரர் ஆகாதா?

இந்தக் கேள்வி வீண் கேள்வியல்ல. 2014-ல் சவூதி அரேபியாவின் மூத்த மார்க்க அறிஞர்களில் ஒருவரான சாலிஹ் அல் ஃபவ்ஸான் அவர்கள், உண்ணும் அளவு தெரியாமல் பணம் கொடுத்து உண்பதைப் பற்றி ஆட்சேபம் தெரிவித்தபோது அது பல நாடுகளிலும் பெரும் விவாதமாயிற்று.

ஆனால் இதற்கு ஒப்பான ஒன்றை நம் முன்னோர்களான ஃபுகஹாக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், மேலே சொன்ன ஹதீஸுக்கு விளக்கம் எழுதும்போது, பொதுக் குளியலறையான ஹம்மாமை எடுத்துக்காட்டுகிறார்கள். கட்டணம் கொடுத்து ஹம்மாமுக்குள் நுழைகிறவர்களில் ஒருவர் அதிகத் தண்ணீர் ஊற்றுவார், ஒருவர் குறைவாக ஊற்றுவார். ஒருவர் நெடுநேரம் இருப்பார், ஒருவர் சீக்கிரம் வெளியேறுவார். ஆயினும் அது கூடும் என்பதில் உலமாக்கள் ஒன்றுபட்டிருக்கின்றனர். தண்ணீர் சுமந்து விற்பவரிடம் காசு கொடுத்துத் தாகம் தீரக் குடிப்பதும் அவ்வாறே. ஒவ்வொருவர் குடிக்கும் அளவும் வேறு என்பது தெரிந்தும் அதை அனுமதித்தனர். காரணம், இவற்றிலுள்ள அளவின்மை சிறியது. மக்களுக்கு அது தேவையானது. அதனால் சண்டை சச்சரவு எழுவதில்லை. ஒரு மனிதன் வழக்கமாக எவ்வளவு பயன்படுத்துவான் என்பது இரு தரப்பாருக்கும் ஏறத்தாழத் தெரியும்.

இந்த அடிப்படையில்தான் இக்கால உலமாக்களில் பலர் பஃபே சாப்பாட்டை அனுமதிக்கின்றனர். ஆனால் இந்த அனுமதிக்குள்ளேயே ஒரு நிபந்தனை அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். "மனிதன் வழக்கமாக உண்ணும் அளவு" என்ற நம்பிக்கையின் மீதல்லவா இந்த வியாபாரமே நிற்கிறது! கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் அளவு மறைந்துவிடவில்லை. அது அவர் கையிலிருந்து நம் கைக்கு வந்திருக்கிறது. அளவில்லாச் சாப்பாடு என்று பலகையில் எழுதியிருக்கலாம்; உண்ணும் அடியான் அளவுள்ளவனாக இருக்க வேண்டும். இதுவே இன்றைய பாடத்தின் மையம்.

கொடுத்த காசு எதற்கு?

"கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டாமா?" என்பது பஃபேக்குச் சென்றவர்கள் வாயில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. நாம் கொடுத்த காசு எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வார்த்தையின் தவறு தெரியும்.

நாம் அங்கே மேசையை விலைக்கு வாங்கவில்லை. அவ்விடத்தில், அந்நேரத்தில், நம் தேவைக்கு உண்பதற்கான உரிமையை மட்டுமே வாங்குகிறோம். நம் பகுதியில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் முக்கிய நூலான மின்ஹாஜில் விருந்தாளியைப் பற்றிய சட்டம் வருகிறது. தன் முன் வைக்கப்பட்டதை விருந்தாளி உண்ணலாம். உண்பதைத் தவிர வேறு விதமாக அதைக் கையாளக்கூடாது. விருந்தளித்தவர் பொருந்திக்கொள்வார் என்று தெரிந்ததை மட்டுமே எடுத்துச் செல்லலாம் என்பது அதன் கருத்து. காசில்லாத விருந்திலேயே இவ்வளவு பேணுதல் என்றால், "இங்கே மட்டும் உண்ணலாம், எடுத்துச் செல்லக்கூடாது" என்று ஒப்பந்தம் பேசிய இடத்தில் எவ்வளவு பேணுதல் வேண்டும்! எனவே பழங்களையும் இனிப்புகளையும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டு வருவது ஆகாது. "சின்ன விஷயம்தானே" என்று தோன்றலாம். பொருள் சிறிது, ஆனால் அது பிறர் பொருள். கேட்டு, அவர்கள் மனமுவந்து தந்தால் மட்டுமே எடுத்து வரலாம்.

இதே வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டு தவறுகள் உண்டு.

முதலாவது, நான்கு பேர் சென்று மூவருக்கு மட்டும் கட்டணம் செலுத்தி, நான்காமவர் "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டு மற்றவர் தட்டிலிருந்து உண்பது. முஸ்லிம்கள் தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது ஹதீஸ் காட்டும் நெறி. செய்துகொண்ட உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது.

இரண்டாவது, பிள்ளைகளின் வயது. பல உணவகங்களில் குறிப்பிட்ட வயதுக்குக் கீழ் இலவசம், அதற்கு மேல் பாதிக் கட்டணம் என்று வைத்திருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவனுக்கு அஞ்சு வயசு" என்று வாப்பா சொல்கிறார். பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "இல்லை வாப்பா, எனக்கு ஆறு வயசு ஆயிடுச்சே!" என்கிறது. வாப்பா கண்ணால் அதட்டுகிறார். அந்த ஒரு நிமிடத்தில் அப்பிள்ளை கற்றுக்கொண்ட பாடத்தை எந்த மதரஸாவில் போய் அழிப்பது?

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நடந்ததை அபூதாவூதில் காண்கிறோம். அவருடைய தாயார், ஏதோ தருவதாகச் சொல்லி அவரை அழைத்தார்கள். என்ன தரப் போகிறீர்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்று தாயார் பதிலளிக்க, ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது அவர்கள் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். பிள்ளையிடம் சொல்லும் பொய்யே ஏட்டில் ஏறுமென்றால், பிள்ளையை முன்னிறுத்திப் பிறரிடம் சொல்லும் பொய் என்னாகும்? அரைக் கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய், உண்ணும் கவளத்தில் சந்தேகத்தைக் கலந்துகொள்ளலாமா?

தட்டை எடுக்குமுன்

ஹலாலா என்று விசாரிப்பது சங்கடமான காரியம் என்று சிலர் நினைக்கின்றனர். வாசலிலேயே மரியாதையாகக் கேட்டுவிட்டால் சங்கடமே இல்லை. மேசையில் உட்கார்ந்தபின் கேட்பதுதான் சங்கடம். புறப்படுமுன் தொலைபேசியில் கேட்பது அதைவிடச் சிறந்தது. சிங்கப்பூரில் முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றமும், மலேசியாவில் ஜாக்கிம் எனப்படும் அரசுத் துறையும் ஹலால் சான்றிதழ் வழங்குகின்றன. அங்கே சான்றிதழ் இருக்கிறதா, அதன் காலம் முடிந்துவிடவில்லையா என்று பார்த்தால் போதும். நம் தமிழ்நாட்டு நகரங்களில் பெரும்பாலும் வாய்மொழியாகவே விசாரிக்க வேண்டியிருக்கும். கவனிக்க வேண்டியவை இவை:

1. இறைச்சி எங்கிருந்து வருகிறது, முறைப்படி அறுக்கப்பட்டதா என்பது. தெளிவான பதில் கிடைக்காவிட்டால் மீனும் மரக்கறியும் இருக்கின்றன. அல்லது சைவ உணவகத்துக்கே சென்றுவிடலாம்.

2. கரண்டிகள். பஃபேயில் ஒரு பாத்திரத்துக் கரண்டியை மற்றொரு பாத்திரத்தில் வைப்பவர்கள் எங்கும் உண்டு. பன்றி இறைச்சியும் வைக்கப்படும் இடமாயின், ஹலாலான பண்டமும் அக்கரண்டியால் கெட்டுவிடும். அத்தகைய இடத்தைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

3. கண்ணுக்குத் தெரியாமல் கலப்பவை. சீன, ஜப்பானியச் சமையலில் சில வகை மது சேர்ப்பதுண்டு. சில கேக்குகளில் ரம் ஊற்றுவார்கள். தளதளவென்றிருக்கும் இனிப்புகளில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். இனிப்பு மேசைக்குப் பிள்ளைகள் ஓடுமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

4. மது பரிமாறப்படும் மேசை. அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்பியவர் மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற கருத்திலமைந்த ஹதீஸ் திர்மிதீயில் உள்ளது. அலுவலக நண்பர்களின் விருந்தானாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

5. கடல் உணவு. ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே இதில் வேறுபாடு உண்டு. அவரவர் தம் மத்ஹபின் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டு அறிந்துகொள்க. மேசையில் ஒருவர் மற்றவரைக் குறை சொல்ல வேண்டாம்.

உடல்நலம் பற்றியும் ஒரு வார்த்தை. சூடான பண்டங்கள் 60 பாகை செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்த பண்டங்கள் 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும் என்றும், சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஆவி பறக்க வேண்டிய குழம்பு ஆறிக் கிடந்தால் அதைத் தொடாதிருப்பது நல்லது. தூய்மையானவற்றை உண்ணுமாறு திருமறை கட்டளையிடுவதில் இப்பேணுதலும் அடங்கும்.

தொழுகையை எங்கே வைத்தோம்?

வார நாள் இரவுச் சாப்பாட்டில் அதிகம் நஷ்டமாவது தொழுகை. சென்னையில் பருவத்துக்கேற்ப மாலை ஐந்தே முக்கால் முதல் ஆறே முக்காலுக்குள் மஃரிபு வந்துவிடுகிறது. வீட்டில் தொழுதுவிட்டுப் புறப்படுவது எளிது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மஃரிபு ஏழு மணியை ஒட்டி வருகிறது. ஆறரைக்கு மேசைக்குச் சென்று அமர்ந்தால் மஃரிபின் வக்து சாப்பாட்டின் நடுவே வரும். அந்த வக்தோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். பல உணவகங்கள் தொண்ணூறு நிமிடம் என்று நேரமும் வரையறுத்துவிடுகின்றன. "நேரம் போகிறதே, இன்னும் அந்தப் பக்கம் பார்க்கவில்லையே" என்ற பரபரப்பில் மஃரிபு கைநழுவிப் போகிறது.

உணவு வைக்கப்பட்டிருக்கும்போது தொழுகைக்கு இகாமத் சொல்லப்பட்டால் முதலில் உணவை உண்ணலாம் என்ற சலுகை புகாரீ, முஸ்லிம் ஹதீஸ்களில் உண்டு. உள்ளம் உணவின் மீது அலையாமல் நிம்மதியாகத் தொழ வேண்டும் என்பதற்கான சலுகை அது. வக்தே போகும் வரை மேசைக்கும் தட்டுக்கும் நடப்பதற்கு அச்சலுகையில் இடமில்லை.

ஆகவே மேசையை முன்பதிவு செய்யும்போதே வக்தைப் பார்த்து நேரம் கேளுங்கள். இஷாவை எங்கே, எப்போது தொழுவது என்பதையும் தீர்மானித்துவிட்டுப் புறப்படுங்கள். வயிறு நிரம்பி வீடு திரும்பி, "சற்றுச் சாய்ந்துவிட்டுத் தொழுவோம்" என்று படுத்தவர்கள் ஃபஜ்ருக்கே எழுந்திருக்க முடியாமல் போவதை நாம் அறிவோம். நாயகம் (ஸல்) அவர்கள் இஷாவுக்கு முன் உறங்குவதை வெறுத்தார்கள் என்பது புகாரீயில் வருகிறது. மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு வேலை. ஒரு வேளைச் சாப்பாடு இரண்டு வேளைத் தொழுகையை விழுங்கிவிடக் கூடாது.

மேசையில் சுன்னத்

உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர். உண்ணும்போது அவருடைய கை தட்டின் எல்லாப் பக்கமும் அலைந்தது. அப்போது அவருக்குக் கற்பிக்கப்பட்ட மூன்று பாடங்களை புகாரீயிலும் முஸ்லிமிலும் காணலாம். பிஸ்மில்லாஹ் சொல்வது, வலக்கையால் உண்பது, தனக்கு அருகிலிருப்பதை உண்பது. அலைகிற கையை அமர்த்துவதற்கு வந்த பாடம் இது. பஃபேயில் கை மட்டுமா அலைகிறது? கண்ணும் காலும் சேர்ந்து அலைகின்றன. மற்றவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதையும் எடுத்து, இதையும் எடுத்து, ஒன்றின் ருசி நாவில் தங்குமுன் மற்றொன்றைத் திணிக்கிறோம்.

விரும்பியதைத் தேர்ந்தெடுப்பது குற்றமல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் பாத்திரத்திலிருந்த சுரைக்காயைத் தேடி எடுத்து உண்டதைக் கண்டு, அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பத் தொடங்கியதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். எனவே முதலில் தட்டில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு இரண்டு மூன்று பண்டங்களை மட்டும் சிறிதளவு எடுத்து, உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணுங்கள். தேவைப்பட்டால் மீண்டும் எழுந்து போகலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. கல்யாண மண்டபங்களில் நின்றுகொண்டே உண்ணும் பழக்கமும் பரவி வருகிறது. ஒரு நாற்காலியைத் தேடி அமர்ந்து உண்பதே நமக்கு அழகு.

இங்கே இன்னொரு ஹதீஸைச் சிந்திக்க வேண்டும். பலர் கூடிப் பேரீச்சம்பழம் உண்ணும்போது, உடனிருப்பவர்களின் அனுமதியின்றி இரண்டிரண்டாக எடுத்து உண்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்ணும்போது இந்த ஒழுக்கம் இயல்பாக வந்துவிடும். நடுவிலிருக்கும் இறைச்சியை ஒருவர் மற்றவர் பக்கம் தள்ளிவிடுவார்; தனக்கென்று அள்ளுவதற்குக் கை கூசும். பஃபே மேசையும் ஒரு பெரிய சஹன்தான். வித்தியாசம், கூட உண்பவர்களின் முகம் நமக்குத் தெரிவதில்லை. பாத்திரத்தில் எட்டு மீன் துண்டுகள் இருக்கின்றன. நமக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். நாம் ஐந்தை எடுத்துக்கொண்டால் காசு கொடுத்த உரிமை என்று சொல்லிக்கொள்ளலாம்; பேரீச்சம்பழ ஹதீஸ் நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு என்ன பதில்? முகம் தெரியாதவரும் நம் சஹன்காரரே.

உணவைக் குறை சொல்லாதிருப்பதும் சுன்னத். நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஐம்பது பண்டங்களுக்கு நடுவே அமர்ந்து, "ஒன்றும் சரியில்லை" என்று உதட்டைப் பிதுக்குவது நிஃமத்தை மறப்பதாகும்.

எவ்வளவு உண்பது? ஆதமின் மகன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது வேறில்லை என்றும், முதுகை நிமிர்த்தச் சில கவளங்கள் போதும் என்றும், மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்றும் பொருள்படும் ஹதீஸை மிக்தாம் (ரலி) அவர்கள் வழியாக திர்மிதீயில் காண்கிறோம். வயிறு நிறைந்துவிட்ட உணர்வு மூளைக்கு எட்டச் சுமார் இருபது நிமிடமாகும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நிதானமாக உண்பவருக்கே அந்தச் செய்தி நேரத்தில் வந்து சேரும்.

தட்டில் மிஞ்சியது

உண்ணவும் பருகவும் அனுமதிக்கும் அதே வசனத்தில், வரம்பு மீறுவோரைத் தான் நேசிப்பதில்லை என்று அல்லாஹு தஆலா அறிவிக்கிறான் (7:31). வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்றும் திருமறை எச்சரிக்கிறது (17:27). ஆகுமான ஒன்றில் எல்லை தாண்டுவது இஸ்ராஃப். பொருளைத் தகாத வழியில் அழிப்பது தப்தீர் என்று உலமாக்கள் விளக்குவர். பஃபேயில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. எடுத்ததையெல்லாம் திணித்தால் இஸ்ராஃப். திணிக்க முடியாமல் விட்டால் தப்தீர். தப்பும் வழி ஒன்றே: எடுக்கும்போதே குறைவாக எடுப்பது.

கீழே விழுந்த கவளத்தையும் எடுத்துத் தூசியைத் துடைத்து உண்ணுமாறும், அதை ஷைத்தானுக்கு விட வேண்டாம் என்றும், தட்டை வழித்து உண்ணுமாறும், உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறதென்பதை நாம் அறியோம் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தவற்றை முஸ்லிம் நூல் பதிவு செய்திருக்கிறது. ஒரு கவளத்துக்கே இப்படியென்றால், பாதித் தட்டு பிரியாணிக்கு என்ன பதில் சொல்வது? "மிஞ்சினால் கடைக்காரர் யாருக்காவது கொடுப்பார்" என்று எண்ண வேண்டாம். மேசைப் பாத்திரத்தில் இருக்கும்வரைதான் அது உணவு. நம் தட்டில் ஏறி, நாம் கை வைத்து மிச்சம் வைத்தால் அது குப்பை.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் ஏறத்தாழ 63 கோடி டன் வீடுகளிலும், 29 கோடி டன் உணவகம் போன்ற இடங்களிலும் வீணாயிற்று. அதே அறிக்கை, 78 கோடிக்கும் அதிகமானோர் பசியால் வாடுவதையும் எடுத்துக்காட்டுகிறது. வீடுகளில் வீணாவதே அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். பஃபேயில் பழகிய கை வீட்டிலும் அப்படித்தான் அள்ளும்.

நார்வே நாட்டு ஹோட்டல்களில் செய்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. பஃபே மேசையில் தட்டின் அளவைச் சற்றுக் குறைத்ததும் வீணாகும் உணவு சுமார் 20 சதவீதம் குறைந்ததாம். தட்டைச் சிறிதாக்கினால் கை அடங்குகிறது. நமக்கு ஒரு யோசனை: இனிப்பு வைக்கும் சின்னத் தட்டிலேயே சாப்பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருப்பவர்களை மறவாதீர்

வீண்விரயத்தைக் கண்டிக்கும் வசனம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? உறவினர், ஏழை, வழிப்போக்கர் ஆகியோருக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு சொல்லிவிட்டுத்தான், விரயம் செய்ய வேண்டாம் என்று வருகிறது (17:26). ஒன்றை ஒட்டி மற்றொன்று. நாம் விரயம் செய்வது பெரும்பாலும் பிறருக்குச் சேர வேண்டிய உரிமையிலிருந்துதான்.

தலைக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரே இரவில் 4,500 ரூபாய். ஹலாலான சம்பாத்தியத்தில் குடும்பத்தை மகிழ்விப்பது நன்மையே, யாரும் தடுக்கவில்லை. ஆனால் நடக்க முடியாமல் வீட்டிலிருக்கும் நன்னிக்கு அன்றிரவு யார் சோறு வைத்தார்கள்? வீட்டில் வேலை செய்யும் பெண் நமக்குக் கதவைச் சாத்திவிட்டு எதை உண்ணப் போனாள்? இருவருக்கான உணவு மூவருக்கும், மூவருக்கான உணவு நால்வருக்கும் போதுமானது என்ற ஹதீஸின் கருத்தை எண்ணி, வெளியே உண்ணும் நாளில் ஒரு நபருக்கான கட்டணத்தைத் தனியே எடுத்து வைத்து, ஏழை உறவினருக்கோ பசித்தவருக்கோ சேர்ப்பது எவ்வளவு அழகான பழக்கம்! பிள்ளைகளின் கையாலேயே அதைக் கொடுக்கச் செய்யுங்கள்.

விசாரிக்கப்படும் நாள்

ஒருமுறை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும், அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இருவரும் பசியால் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். ஓர் அன்ஸாரித் தோழர் அவர்களைக் கண்டு மகிழ்ந்து, பேரீச்சங்குலையும், ஆட்டிறைச்சியும், நீரும் தந்து உபசரித்தார். பசியாறியபின், இந்த நிஃமத்தைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவீர்கள் என்று தோழர்களுக்கு நினைவூட்டினார்கள். முஸ்லிமில் வரும் நிகழ்ச்சி இது. பசி துரத்தி வெளியே வந்தவர்கள் உண்ட ஒரு வேளை உணவுக்கே விசாரணை என்றால், பசியில்லாமலே புறப்பட்டு, ஐம்பது பண்டங்களைச் சுற்றி வந்த இரவைப் பற்றி நம்மிடம் கேட்கப்படாதா?

ஆகவே வீட்டார் அனைவரும் மனத்தில் வைக்க வேண்டியவை: புறப்படுமுன் தொழுகை நேரத்தையும் ஹலாலையும் தீர்மானித்துக்கொள்வது; வாசலில் எண்ணிக்கையையும் பிள்ளை வயதையும் உண்மையாகச் சொல்வது; சிறு தட்டில் சிறிதாக எடுத்து, அமர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி உண்பது; பின்னால் நிற்பவருக்கு மிச்சம் வைப்பது, நம் தட்டில் மிச்சம் வைக்காதிருப்பது; எழும்போது அல்ஹம்து லில்லாஹ் சொல்வது. ஒரு கவளம் உண்டு அதற்காகத் தன்னைப் புகழும் அடியானை அல்லாஹ் பொருந்திக்கொள்கிறான் என்பது ஹதீஸ் தரும் நற்செய்தியல்லவா!

தராசு நம் கையில் தரப்பட்ட இடத்திலும் நேர்மையாக அளக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.